ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர்: நம்ம திருநெல்வேலி வெயிலுக்கு ஒத்து வருமா?

பாளை சைக்கிள்கடை | பிப்ரவரி 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வீடு முதல் மாடி. மொட்டை மாடியும் எங்கள் பொறுப்பில்தான். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். சின்ன வயதில் ஊரில் நாட்டு நாய் வளர்த்ததோடு சரி. அதையும் நாங்கள் வளர்த்தோம் என்று சொல்ல முடியாது, அதுவாக வளர்ந்தது.

மதுரைப் பக்கம் ஒருவரிடம் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் குட்டிகள் இருக்கின்றன. ஆறு வாரம் ஆகிறதாம். இருபத்தைந்தாயிரம் சொல்கிறார். உடனே வந்தால் குறைத்துத் தருகிறாராம். படத்தைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு வேறு பேச்சே இல்லை. எனக்கும் ஆசைதான். காலையில் நான் சைக்கிள் மிதிக்கும்போது கூடவே ஓடி வரும் என்று ஒரு கற்பனை.

நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா? மாடி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? சோறு தின்னுமா? வேட்டை நாய் என்கிறார்களே, அக்கம்பக்கத்துக் கோழி, பூனை மிஞ்சுமா?

வாய்க்காங்கரை | பிப்ரவரி 10, காலை 6:55

தம்பி, என்னிடம் ஒன்று இருக்கிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வயல்காடு, வாய்க்காலை ஒட்டி வீடு. பொட்டை, வயது ஆறு, எடை 24 கிலோ. நிறத்தைப் பார்த்து செவலை என்று பெயர் வைத்தோம்.

வெயில் தாங்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதை அப்புறம் பார்ப்போம். காலையில் நீ எத்தனை மணிக்கு எழுந்திரிப்பாய், அதைச் சொல்.

இந்த நாயை ஜெர்மன்காரன் உண்டாக்கியதே ஒரே நாய் எல்லா வேலையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். பறவையைத் தேட ஒன்று, நின்று காட்ட ஒன்று, சுட்டு விழுந்ததை எடுத்து வர ஒன்று, தண்ணீரில் இறங்க ஒன்று என்று நாலைந்தைக் கட்டித் தீனி போட ஜமீன்தாருக்குத்தான் முடியும். சாதாரண ஆளுக்கு ஒன்றுதான். அந்த ஒன்று தேட வேண்டும், நிற்க வேண்டும், எடுத்து வர வேண்டும், குளத்தில் நீந்த வேண்டும், அடிபட்ட மானின் ரத்த வாடையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், ராத்திரி வீட்டுக்குள் பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளவும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இதற்காகவே இனம் சேர்த்தார்கள். ஆல்பிரெக்ட் என்று ஓர் இளவரசர், வேலைக்குத் தகுந்தபடிதான் உருவம் இருக்க வேண்டும், அழகெல்லாம் அதற்குப் பிறகு என்று வற்புறுத்தினாராம்.

அப்படி நாள் முழுக்க ஓடுவதற்கென்று பிறந்ததை மாடி வீட்டில் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? செவலைக்கு எட்டு மாதம் இருக்கும்போது எனக்கு முதுகுப் பிடிப்பு வந்து நாலு நாள் நடக்கக் கூட்டிப் போகவில்லை. நாலாம் நாள், என் மதினி கல்யாணத்துக்கு வாங்கி, விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கிற பத்தமடைப் பாயைக் கோரை கோரையாகப் பிரித்து வைத்திருந்தது. ஆத்திரத்தில் கிழித்த மாதிரி இல்லை, யாரோ உட்கார்ந்து நிதானமாகப் பின்னலை அவிழ்த்த மாதிரி இருந்தது. அதட்டினேன். வாலை ஆட்டி, ஒரு கோரையை வாயில் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தது. அது வேலை செய்திருக்கிறது. நான்தான் வேலை கொடுக்கவில்லை.

இப்போது வெயில். முடி குட்டை என்பதால் நிழலில், தண்ணீரோடு சும்மா கிடந்தால் சித்திரையையும் தாங்கும். ஓடினால் தாங்காது. இதில் சிக்கல் என்னவென்றால், அதற்கு நிறுத்தத் தெரியாது. நாட்டு நாய் களைத்தால் புளியமரத்தடியில் படுத்துவிடும், நீ கூப்பிட்டாலும் வராது. இது விழும்வரை ஓடும்.

ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதே. குட்டியை வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் நாய் இல்லாமல் நட. காலை 4:45க்கு எழுந்து ஒரு மணி நேரம், சாயங்காலம் வெயில் இறங்கி ஒரு மணி நேரம். கையில் கயிறு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. முப்பது நாள் முடித்துவிட்டு வா, பேசுவோம்.

குறுக்குத்துறை | பிப்ரவரி 10, காலை 7:20

அண்ணாச்சி, வெறுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் போனால் மாடு திருடப் போகிறான் என்று பிடித்துக் கட்டி வைத்துவிடுவார்கள்.

கன்னிக்காரன் | பிப்ரவரி 10, பகல் 1:15

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. நம்ம சீமையிலேயே கன்னி நாய் இருக்கிறது, சிப்பிப்பாறை இருக்கிறது, வடக்கே கொஞ்சம் போனால் ராஜபாளையம். 2005இல் தபால் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்பே போட்டது. கரிசல் காட்டு வெயிலில் பிறந்து வளர்ந்த இனங்கள். கம்பங்கஞ்சிக்கும் மோருக்கும் பழகியவை. உண்ணிக் காய்ச்சலுக்குக் கூட அவ்வளவு லேசில் சாயாது என்பது என் அனுபவம். இதையெல்லாம் விட்டுவிட்டு எதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டும்?

என்னிடம் இரண்டு கன்னி இருக்கின்றன. கோவில்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காடு. வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாய்க்காங்கரை | பிப்ரவரி 10, இரவு 8:30

கன்னியைக் குறை சொல்ல நான் யார்? என் தாத்தா வைத்திருந்தது கன்னிதான். வெயிலுக்கும் பராமரிப்புக்கும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரெண்டும் ஒரே சாமான் இல்லை. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணை நம்பி ஓடுகிறவை. எதிரே முயல் ஓடினால் அம்பு விட்ட மாதிரி போகும், அது மறைந்துவிட்டால் விஷயம் முடிந்தது. பாயிண்டர் மூக்கை நம்புகிற நாய். கண்ணுக்குத் தெரியாததைத்தான் தேடும். மனுஷனோடு சேர்ந்து வேலை செய்வதில் அதற்கு ஓர் ஆசை. கன்னி எசமானை மதிக்கும், ஆனால் அது தனி ஆள். இது கக்கூஸ் வாசல்வரை பின்னால் வரும்.

பங்குனியில் பிசான நெல் அறுத்து அரிதாள் நிற்கிற வயலில் அதை ஒரு நாள் பார்க்க வேண்டும். நான் இருபதடி கயிறு போட்டுத்தான் விடுவேன். காற்றுக்கு எதிராக நின்று விட்டால், ஏர் உழுகிற மாதிரி இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு, திரும்பி அங்கிருந்து இங்கே. தலை தரையில் இருக்காது, தூக்கித்தான் இருக்கும். வாடை காற்றில் வருகிறதல்லவா. போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்றுவிடும். ஒரு முன்னங்கால் மடங்கி அந்தரத்தில், மூக்கு ஒரு புல்குத்துக்கு நேரே, வால் கம்பி மாதிரி. விலாவில் மூச்சு மட்டும் ஓடும். அந்த நேரத்தில் மேலே ஈ உட்கார்ந்தாலும் தோலைக்கூடச் சிலிர்க்காது. நாம் பின்னால் நாலு எட்டு வைத்தால் அந்தப் புல்லிலிருந்து கௌதாரி படபடவென்று எழும்பும். அது போன பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கும் பாருங்கள். ‘சுடலையா?’ என்று கேட்கிற மாதிரியே இருக்கும்.

ஆடிக் காற்றில் இன்னும் வேடிக்கை. கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் வாடை எங்கிருந்தோ வரும். செவலை வரப்பில் நின்றுகொண்டு மூன்று வயல் தள்ளி இருக்கிற மயிலுக்கு மூக்கைக் காட்டும்.

குறுக்குத்துறை | பிப்ரவரி 10, இரவு 8:41

‘சுடலையா’ என்று நம்ம ஊர் வயக்காட்டில் கேட்டால் நாலு பேர் ‘என்னலே’ என்று திரும்பிப் பார்ப்பார்கள் அண்ணாச்சி.

தோட்டம் துரவு | பிப்ரவரி 11, காலை 10:05

நான் இங்கே புதுசு. மூலைக்கரைப்பட்டி பக்கம் தோட்டம். இந்த நாயை வைத்து முயல், கௌதாரி பிடிக்க எப்படிப் பழக்குவது? எத்தனை மாதத்தில் தயாராகும்?

கன்னிக்காரன் | பிப்ரவரி 11, காலை 10:30

பழக்க வேண்டாம். 1972இல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. முயல், கௌதாரி, காடை, மயில் எதையும் தொடக்கூடாது. நாயை ஏவிப் பிடித்தாலும் வேட்டைதான். துப்பாக்கி இல்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கள் பக்கம் முயலுக்குப் போய் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டியவர்களை எனக்கே தெரியும். கன்னி வைத்திருக்கிறவன் என்பதால் ராத்திரி டார்ச்சோடு கூப்பிட வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

வாய்க்காங்கரை | பிப்ரவரி 11, இரவு 9:10

கன்னிக்காரன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நானும் கௌதாரி முட்டை வைக்கிற நாளில் வயலுக்குள் விடுவதே இல்லை, கயிறு போட்டும் விடுவதில்லை. கூந்தன்குளம், திருப்புடைமருதூர் மாதிரிப் பறவைகள் அடைகிற ஊர்ப் பக்கமே நாயைக் கொண்டு போகக்கூடாது. சைபீரியாவிலிருந்து பறந்து வந்து இளைப்பாறுகிறதை நம்ம நாய் எழுப்பிவிட வேண்டுமா?

வேட்டை இல்லாமல் வேட்டை நாய்க்கு என்ன வேலை என்று கேட்டால், நிறைய இருக்கிறது. தேங்காய் மட்டையைச் சாக்கில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். அதை வாழைத்தோப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டு ‘தேடு’ என்றால் போதும். இருபது நிமிடம் மூக்கு வேலை கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடியதற்குச் சமமாகக் களைத்துப் படுக்கும். முதலில் ‘நில்’ பழக்குங்கள். சோற்றுத் தட்டை வைத்து, ‘நில்’ என்று சொல்லி, ‘சரி’ சொன்ன பிறகுதான் வாய் வைக்க வேண்டும். ரோட்டில் லாரி வரும்போது அந்த ஒரு சொல் அதன் உயிரைக் காப்பாற்றும்.

வாய் மென்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்து வருகிற பொருளைக் கடிக்காமல் கொண்டு வருவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. தையில் கிடை போட வந்த வாத்துக்காரர்களின் கூட்டத்திலிருந்து குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தது. ஒரு இறகு கலையவில்லை. குஞ்சு எச்சிலில் நனைந்து ‘கீ கீ’ என்று கத்திக்கொண்டிருந்தது. கொண்டு போய்க் கொடுத்தேன். வாத்துக்காரர் என் மேல் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

கோழி, பூனை விஷயம். குட்டியிலிருந்து பார்த்துப் பழகிய நம்ம வீட்டுக் கோழிக்கு ஒன்றும் செய்யாது. அடுத்த வீட்டுக் கோழிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். வாய் மென்மையாக இருந்தாலும் அது துரத்துகிற துரத்தலிலேயே கோழி செத்துப்போகும்.

ஊசி போடுபவள் | பிப்ரவரி 12, பகல் 3:00

கால்நடை மருத்துவர். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வேலை.

முதலில் குட்டியின் வயது. ஆறு வாரக் குட்டியைக் கொடுக்கிறேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் விற்கக்கூடாது என்று 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் கடியை அடக்கக் கற்றுக்கொள்ளும். தாயை நேரில் பாருங்கள். கென்னல் கிளப் பதிவும் மைக்ரோசிப்பும் கேளுங்கள். ‘உடனே வந்தால் குறைப்பேன்’ என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் எந்த நாய்க்கும் போடுவதுதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். பிறகு வருடா வருடம். வயலில் திரிகிற நாய்க்கு எலிக் காய்ச்சல் ஊசியை விட்டுவிடாதீர்கள். அது நமக்கும் தொற்றும்.

இந்த இனத்துக்கென்று கவனிக்க வேண்டியவை தனி. நெஞ்சுக்கூடு ஆழமானது என்பதால் இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மத்தளம் மாதிரி உப்பும், வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, நிலைகொள்ளாமல் தவிக்கும். அப்போது ஓம வாட்டர், பெருங்காயம் என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் நாய் போய்விடும். அது சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய விஷயம். ஓடி வந்த சூட்டோடு தீனி வைக்காதீர்கள், தின்ற உடனே ஓட விடாதீர்கள். ஒரு வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள்.

ரத்தம் உறையாத பரம்பரைக் குறைபாடும், தோலில் செதில் செதிலாக வரும் ஒரு பரம்பரை நோயும் இந்த இனத்தில் உண்டு. அதனால்தான் பெற்றோரைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் என் மேசைக்கு வருகிற பாயிண்டர், லாப்ரடார் எல்லாவற்றுக்கும் பெரிய எதிரி உண்ணிதான். காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளி வந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். எர்லிக்கியா என்கிற உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் டாக்சிசைக்ளினை நான்கு வாரம் போல முழுசாகக் கொடுக்க வேண்டும். பத்தாவது நாள் நாய் துள்ளுகிறது என்று நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள். நாம் போடுகிற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலிக்குப் பக்கம்தான், பாளைக்காரர்களுக்கு அது ஒரு வசதி.

வாய்க்காங்கரை | பிப்ரவரி 12, மாலை 6:20

டாக்டரம்மா சொன்ன உண்ணிக் காய்ச்சலில் நான் அடிபட்டிருக்கிறேன். செவலைக்கு ரெண்டு வயதில் வந்தது. முதலில் காட்டிய இடத்தில் அஜீரணம் என்று ஒரு டானிக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்காதீர்கள். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம். வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி ஸ்மியர் எடுத்துப் பார்த்து, அப்புறம்தான் பிழைத்தது. அதிலிருந்து ராத்திரி டிவியில் செய்தி போடும்போது அதன் தலை என் மடியில், என் விரல் அதன் காதுக்குள். உண்ணியைக் கையால் பிய்க்காமல், குறடு வைத்துத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் டப்பா பக்கத்தில் இருக்கட்டும், நசுக்க வேண்டாம்.

மேலப்பாளையம் கறிக்கடை | பிப்ரவரி 12, இரவு 10:15

சோறு தின்னுமா என்று தம்பி கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்கு நாய் கிடையாது, ஆனால் நாய்க்காரர்கள் பத்துப் பேருக்குத் தினமும் நான்தான் பொட்டலம் கட்டுகிறேன். பாயிண்டர் வைத்திருக்கிற சார் ஒருவர் வாங்குவது கோழி ஈரல் கொஞ்சம், கழுத்து, கொழுப்பில்லாத மாட்டுத் துண்டுக்கறி. சோறு பாதி, கறி பாதி, வேகவைத்த பூசணி, உப்பு காரம் கிடையாது. வேகவைத்த எலும்பை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன், அது உடைந்து ஊசி மாதிரி குத்தும்.

ஊசி போடுபவள் | பிப்ரவரி 12, இரவு 10:40

பாய் சொன்ன கணக்கு நல்ல கணக்கு. ஓடுகிற நாய்க்கு வெறும் சோறும் ரசமும் போதாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. நம்ம வீட்டுக் குழம்பை ஊற்றும்போது வெங்காயமும் சேர்ந்துதான் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். குட்டிக்கு மட்டும் நல்ல நாய்த் தீவனமே வையுங்கள், வளர்கிற எலும்புக்குக் கால்சியம் கணக்கு பிசகக்கூடாது.

குறுக்குத்துறை | பிப்ரவரி 13, காலை 7:00

தீனிப் பட்டியலில் அல்வாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருந்தது பாயிண்டர் இல்லை, ஸ்பானியல். அதுவும் துப்பாக்கிக்காரன் நாய் வம்சம்தான். சென்னைக்குப் போகிற சித்தப்பாவுக்காக வாங்கி வைத்த அரைக்கிலோ அல்வாவைக் காகிதத்தோடு தின்றது. அன்று முழுக்க எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு. மறுநாள் காலையில் முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, வயிறு வலியில் கும்பிடுகிற மாதிரி நின்றது. வாந்தி நிற்கவில்லை. கணையம் வீங்கிவிட்டது, அவ்வளவு நெய் அதற்குத் தாங்காது என்றார் டாக்டர். நாலு நாள் டிரிப்ஸ். அதிலிருந்து எங்கள் வீட்டில் அல்வா பீரோவுக்குள்தான், நகை பக்கத்தில்.

பாளை சைக்கிள்கடை | பிப்ரவரி 22, இரவு 10:20

மதுரைக்காரருக்குப் போன் செய்து, எட்டு வாரம் ஆன பிறகு வருகிறேன், தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். தாய் வேறு ஊரில் இருக்கிறது என்றார். அதோடு விட்டுவிட்டேன். மகள் ரெண்டு நாள் பேசவில்லை.

அண்ணாச்சி சொன்ன நடையை ஆரம்பித்தேன். மகள்தான் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறாள். இன்று பன்னிரண்டாம் நாள். ஒன்பது டிக், மூன்று பெருக்கல் குறி. ஒரு நாள் கடை முடியப் பதினொன்றரை ஆகிவிட்டது. ஒரு நாள் மழை. ஒரு நாள் எந்தக் காரணமும் இல்லை, எழுந்திரிக்கவில்லை, அவ்வளவுதான்.

சைக்கிளில் கூட்டிப் போவது பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஊசி போடுபவள் | பிப்ரவரி 23, காலை 6:30

ஒன்றேகால் வயது வரை சைக்கிளோடு ஓட விடவே கூடாது. எலும்பு முனைகள் மூடியிருக்காது. வளர்ந்த பிறகும் தார் ரோட்டில் வேண்டாம், மண் பாதையில், விடியுமுன். காலை எட்டு மணித் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

வாய்க்காங்கரை | பிப்ரவரி 23, காலை 7:15

சைக்கிள் பேச்சு வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். இதை நான் வெளியில் அதிகம் சொன்னதில்லை.

மூன்று வருடம் முன்னால், சித்திரை மாதம். உறவுக்காரப் பையன் ஒருவன் லீவுக்கு வந்தவன், நான் இல்லாத நேரத்தில் செவலையைப் பைக்குக்குப் பின்னால் ஓட விட்டுக் கூட்டிப் போயிருக்கிறான். ஒன்பது மணி இருக்கும். அது சந்தோஷமாகத்தான் ஓடியிருக்கிறது. திரும்பி வந்தபோது நாக்கு மண்வெட்டி மாதிரி அகன்று தொங்குகிறது, எச்சில் கயிறாக இழுக்கிறது, ஈறு செங்கல் சிவப்பு. வாசலில் கால் பின்னி விழுந்தது. ஐஸ் கொண்டா என்று எல்லோரும் கத்துகிறார்கள். நான் அதை அப்படியே தூக்கி வாய்க்கால் படிக்கட்டில் தண்ணீரில் கிடத்தித் தலையை மட்டும் மேலே பிடித்துக்கொண்டேன். வயிறு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் ஓடுகிற தண்ணீரில். யாரோ விசிறினார்கள். அப்புறம் ஈரத்தோடு ஆட்டோவில் போட்டு, துணியை மேலே மூடாமல், டாக்டரிடம். அங்கே போய்ச் சேர்ந்தபோதும் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். பிழைத்துவிட்டது. அந்தப் பையனை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு என்ன தெரியும். காலையில் ஏழு மணிக்கு மேல் நடை கிடையாது என்று சுவரில் கரிக்கட்டையால் எழுதிப் போட்டேன். இன்னும் அழியாமல் இருக்கிறது.

ஆறும் வாய்க்காலும் இருப்பது நமக்கு வரம். விரலுக்கு நடுவில் சவ்வு உண்டு, நன்றாக நீந்தும். ஆனால் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஆற்றில் இறக்காதே. சுழல் இருக்கிற இடம் உள்ளூர்க்காரனிடம் கேட்காமல் இறக்காதே. கரையேறியதும் காதைத் துடை, தொங்குகிற காதுக்குள் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும்.

தென்காசி சாரல் | மார்ச் 14, இரவு 9:00

இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என்னிடம் நான்கு வயது கடுவன் பாயிண்டர் இருக்கிறது. பெயர் மணி. எனக்கு முழங்கால் அறுவை ஆகி, மகளோடு பெங்களூரு போகிறேன். பன்னிரண்டாம் மாடி. மணியைக் கூட்டிப் போனால் அவனும் கெடுவான், நானும் கெடுவேன். பணம் வேண்டாம். பாளைத் தம்பியின் காலண்டர் முப்பது நாள் முடிந்துவிட்டதா? படத்தை எனக்கு அனுப்ப முடியுமா?

பாளை சைக்கிள்கடை | மார்ச் 14, இரவு 11:05

அனுப்பியிருக்கிறேன் சார். முப்பதில் இருபத்து மூன்று. மீதி ஏழு நாளுக்கு எதிரே மகள் காரணம் எழுதி வைத்திருக்கிறாள். ‘அப்பா தூங்கினார்’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. கடைசிப் பத்து நாள் அவளும் கூட வந்தாள்.

கன்னிக்காரன் | மார்ச் 15, காலை 6:10

குட்டியை விட வளர்ந்த நாய்தான் இவர்களுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். பாயைப் பிரிக்கிற வயது தாண்டிவிட்டது. என் கட்சி கன்னிதான், அது மாறவில்லை.

குறுக்குத்துறை | மார்ச் 15, காலை 6:25

நாலு வருடம் ஒருத்தர் கையில் தின்ற நாய் ஒட்டுமா? ஏக்கத்தில் சாப்பிடாமல் கிடந்தால்?

தென்காசி சாரல் | மார்ச் 15, காலை 9:40

இந்த இனம் ஆள் ஒட்டும். அதனால்தான் ஏக்கமும் வரும். ஒரே நாளில் கயிற்றைக் கை மாற்ற மாட்டேன். முதல் வாரம் தம்பியும் பிள்ளையும் இங்கே வந்து என்னோடு நடக்கட்டும். அடுத்த வாரம் அவர்கள் பிடித்து நடக்கட்டும், நான் பின்னால் ஆட்டோவில் வருகிறேன். மணி படுக்கிற சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொடுப்பேன். தடுப்பூசிச் சீட்டு, போன வருட ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது.

இருபத்து மூன்று போதும் தம்பி. முப்பதுக்கு முப்பது என்று படம் வந்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

பாளை சைக்கிள்கடை | ஏப்ரல் 27, இரவு 8:50

மணி வந்து இருபது நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் சாப்பிடவில்லை. மேலப்பாளையம் பாய் கொடுத்த ஈரலை மகள் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே இருந்தாள். நாலாம் நாள் ராத்திரி எடுத்தது.

சைக்கிளோடு ஓடி வரும் என்ற கற்பனை போயே போய்விட்டது. அதற்கு நேராகப் போகத் தெரியவில்லை. ஏர் உழுகிற மாதிரி என்று அண்ணாச்சி எழுதியது போலவே ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைகிறது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். கடைக்குப் போய்ச் சேரும்போது எனக்குத்தான் நாக்கு தள்ளுகிறது.

பகலில் கடையின் பின்னறையில் சிமெண்ட் தரையில் ஈரச் சாக்கைப் போட்டுப் படுக்க வைக்கிறேன். நேற்று ஒரு பையன் பஞ்சர் ஒட்ட வந்தான். மணி எழுந்து வந்து டியூப் முக்குகிற தொட்டிக்கு முன்னால் ஒரு காலை மடக்கி நின்றுவிட்டது. அசையவில்லை. கூப்பிட்டாலும் திரும்பவில்லை. என்னவென்று பார்த்தால் தொட்டிக்குப் பின்னால் ஒரு தேரை. பையன் பஞ்சரை மறந்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது ஒரு சந்தேகம். இன்று காலை மண் பாதையில் வலது முன்னங்காலில் கருவேல முள் ஏறியது. பிடுங்கிவிட்டேன், ஆனால் நுனி உள்ளேயே முறிந்த மாதிரி இருக்கிறது. நொண்டவில்லை, நக்கிக்கொண்டே இருக்கிறது. காலைவரை பார்க்கலாமா?

ஊசி போடுபவள் | ஏப்ரல் 27, இரவு 9:02

பொறுக்கத் தாங்குகிற வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். நக்க விடாமல் பழைய சாக்ஸ் போட்டுக் கட்டுங்கள், இறுக்க வேண்டாம். ஊசியால் கிளறாதீர்கள். காலையில் வீங்கியிருந்தாலோ, தொட்டால் இழுத்துக்கொண்டாலோ காட்டிவிடுங்கள், முறிந்த முள் உள்ளே போய்ச் சீழ் வைக்கும். அந்தத் தேரையை அது வாயில் எடுக்கவில்லையே?

பாளை சைக்கிள்கடை | ஏப்ரல் 27, இரவு 9:06

இல்லை டாக்டர். நான் ‘நில்’ என்றேன், நின்றது. மகள் சாக்ஸ் தேடுகிறாள். பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றுதான் அகப்பட்டது.